கழுவிய சுவரை யாரும் படம் எடுப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில், தங்கள் சமையலறையைத் தாங்களே புதுப்பித்துக்கொண்ட குடும்பங்களைப் பற்றி வெளியான கட்டுரையையும் அதனுடன் இருந்த படங்களையும் நானும் என் கணவரும் ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தோம். இடப்பக்கம் மங்கிப்போன பழைய சுவர், வலப்பக்கம் பளிச்சென்ற புதிய டைல்ஸ், இரண்டுக்கும் நடுவே 'இரண்டே நாளில்' என்ற தலைப்பு. அந்த நடுவில் என்னதான் நடந்தது என்பதைக் கட்டுரை எந்த இடத்திலும் சொல்லவில்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், சுவரில் ஒழுங்காக ஓர் ஆணி அடித்துப் பழகியிராத நாங்கள் இருவரும் அதே வேலையை எங்கள் சமையலறையில் செய்து முடித்திருந்தோம். எங்களுக்கு இரண்டு நாள் போதவில்லை. ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரத்தில் டைல்ஸ் ஒட்டிய நேரத்தைக் கூட்டினால் இரண்டு நாள்தான் வரும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மீதி நாட்கள் எங்கே போயின என்பதைப் புதிதாக இறங்குகிறவர்களுக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

நாங்கள் எடுத்துக்கொண்டவை மூன்று வேலைகள்: சமையல் மேடைக்கு மேலே உள்ள சுவருக்கு டைல்ஸ் ஒட்டுவது, அலமாரிக் கதவுகளுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்துக் கீல்களை மாற்றுவது, பாத்திரம் கழுவும் தொட்டியைச் சுற்றி நீர் கசிந்த இடுக்கை அடைப்பது. தொடக்கத்தில் பட்டியல் இதைவிடப் பெரிதாக இருந்தது. தொட்டியைச் சன்னலுக்குக் கீழே நகர்த்த வேண்டும் என்பது என் ஆசை. இடைச்சுவரை எடுத்துவிட்டால் அறை விசாலமாகும் என்பது என் கணவரின் ஆசை. முதல் வாரம் நாங்கள் எந்தக் கருவியையும் தொடாமல், யார் எங்கே நிற்கிறோம், எதை எடுக்க எத்தனை அடி நடக்கிறோம், எந்த அலமாரியை நாளில் எத்தனை தடவை திறக்கிறோம் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தோம். அந்தத் தாள்தான் எங்கள் இருவருடைய ஆசைகளையும் அடக்கியது.

இப்படிக் கணக்கெடுப்பது நாங்கள் கண்டுபிடித்த வழியன்று. 1926இல் ஜெர்மனியின் பிராங்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த சமையலறையின் அளவு ஏறத்தாழ 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்தான், நடக்கும் தூரத்தையும் ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தையும் கணக்கிட்டே அத்தனை சிறிய இடத்தில் எல்லாவற்றையும் அவர் அடக்கினார். அதை வடிவமைக்கும் வரை தாம் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அனுபவம் இல்லாத குறையை அளவெடுத்தே ஈடுகட்டியிருக்கிறார் என்பதை நினைத்தபோது எங்களுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. 1940களில் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் உருவான முக்கோணக் கணக்கு இன்னும் எளிது. அடுப்பு, தொட்டி, குளிர்பதனப் பெட்டி ஆகிய மூன்றையும் மூன்று முனைகளாக வைத்துக்கொண்டு, அவற்றுக்கு இடையிலான தூரங்களின் கூட்டுத்தொகை ஏறக்குறைய 4 மீட்டருக்குக் குறையாமலும் 8 மீட்டரை எட்டாமலும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். எங்கள் அறையில் அது ஐந்தரை மீட்டர் வந்தது. அதாவது, தொட்டியை நகர்த்துவதற்கான காரணம் என் கற்பனையில்தான் இருந்ததே தவிர அறையில் இல்லை.

தொட்டி நின்ற இடத்திலேயே நிற்கட்டும் என்று முடிவெடுத்ததுதான் எங்கள் ஏழு வாரத்திலேயே அறிவார்ந்த முடிவு என்று இன்றும் நினைக்கிறேன். தொட்டி நகர்ந்தால் கழிவுநீர்க் குழாயும் கூடவே நகர வேண்டும். அந்தக் குழாய்க்கு 40 அடிக்கு ஓர் அடி என்ற அளவிலாவது சரிவு வேண்டும். சரிவு கிடைக்காவிட்டால் தரையை உடைக்க வேண்டும். தரையை உடைத்தவர்கள் அதை மூடவும் வேண்டும். 'கூடவே இதையும் செய்துவிடலாம்' என்று தொடங்குகிற ஒவ்வொரு யோசனைக்கும் இப்படி ஒரு வால் இருக்கிறது. இடைச்சுவர் பாரம் தாங்குகிற சுவரா, வெறும் தடுப்பா என்பது எங்களுக்குத் தெரியாது. தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற காரியமும் அன்று அது. கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் தொடக்கூடாத இடம் என்று அதை அப்படியே விட்டுவிட்டோம்.

மேடையின் உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நின்றுகொண்டு வேலை செய்யும் மேடை, முழங்கையை மடக்கி நிற்கும்போது முழங்கை இருக்கும் உயரத்துக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே அமைந்தால் தோளும் இடுப்பும் வலிக்காது. பல நாடுகளில் வழக்கத்தில் உள்ள 90 சென்டிமீட்டர் என்பது ஒரு சராசரி. எந்த ஒரு மனிதரின் முழங்கையையும் அளந்து வைத்த அளவு அன்று. என் கணவர் என்னைவிட ஒரு சாண் உயரம் என்பதால், எனக்குப் பொருந்திய மேடை அவரை ஆண்டுக்கணக்கில் குனிய வைத்திருக்கிறது. அவரோ வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார். மேடையை இடிக்காமல், அவர் நின்று நறுக்குகிற இடத்தில் மட்டும் கனமான பலகை ஒன்றைக் கால் வைத்து உயர்த்தினோம். மூன்று பெரிய வேலைகளைவிட அதிகப் பயன் தந்தது பட்டியலிலேயே இல்லாத இந்தப் பலகைதான்.

இனி, தொடக்கநிலையாளர் கை வைக்கக்கூடாத இடங்கள். எரிவாயு இணைப்பு, மின்கம்பி இழுப்பது ஆகிய இரண்டையும் கற்றுக்கொள்ளலாம் என்ற துணிச்சலே வேண்டாம். உரிமம் பெற்றவர் வந்து செய்யட்டும். ஆனால் நாம் டைல்ஸ் ஒட்டும் சுவருக்குள்ளேயே கம்பி ஓடுகிறது என்பதால் அதைப் பற்றிய அறிவு நமக்கும் வேண்டும். ஸ்விட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும், அதே மட்டத்தில் இடமும் வலமுமாகவும் பெரும்பாலும் கம்பி போகும்; அந்தக் கோடுகளில் துளை போடக்கூடாது. ஸ்விட்ச் மூடியைக் கழற்றும் முன் ஸ்விட்சை அணைத்தால் போதாது, வீட்டின் மெயின் பெட்டியில் இணைப்பையே அணைக்க வேண்டும். மின்கசிவு 30 மில்லியாம்பியரை எட்டுவதற்குள் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி வீட்டில் இருக்கிறதா என்பதை, வேலை தொடங்கும் முன்பே எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் சொன்னோம். தங்கள் கட்டுரையின் படம் ஒன்றில் குழாயிலிருந்து ஒரு முழ தூரத்தில் பிளக் பாயின்ட் ஒன்று திறந்திருந்ததைக் கவனித்தீர்களா? டைல்ஸின் அழகில் அது யாருடைய கண்ணிலும் பட்டிருக்காது.

தூசியைப் பற்றியும் யாரும் எழுதுவதில்லை. டைல்ஸையும் கல்லையும் சிமென்டையும் இயந்திரத்தால் அறுக்கும்போது பறக்கும் நுண்ணிய சிலிக்கா தூசி, நுரையீரலைக் கெட்டிப்படுத்தும் நோய்க்குக் காரணம். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இலேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்துவிட்டது. துண்டை மூக்கில் கட்டிக்கொள்வதால் ஒரு பயனும் இல்லை; என்95 தரத்திலான முகமூடி வேண்டும், அறுக்கும் இடத்தில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். சாதாரணச் சுவர் டைல்ஸாக இருந்தால், கையால் கீறி அழுத்தி உடைக்கும் வெட்டுக்கருவியே போதும். இரைச்சலும் இல்லை, தூசியும் மிகக் குறைவு. பல பத்தாண்டுகள் பழைய வீடாக இருந்தால் அடியில் உள்ள பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும், பழைய வினைல் தரைத் தகடுகளிலும் அவற்றின் பசையிலும் கல்நார் இருக்கக்கூடும். அப்படிச் சந்தேகம் இருக்கும் இடத்தை உலர்வாகத் தேய்ப்பதும் சுரண்டுவதும் கூடாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் கூடவே கூடாது.

சுவருக்கு வருகிறேன். எங்கள் வேலையில் விழுந்த பெரிய அடியும் அங்கேதான்.

பழைய பெயின்ட் சுவரை ஈரத்துணியால் துடைத்தோம். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தது. பையில் எழுதியிருந்தபடி பசைப் பொடியைத் தண்ணீரில் கலந்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, மறுபடி கலக்கி, பல் வைத்த கரண்டியால் சுவரில் கோடு கோடாக இழுத்து, டைல்களுக்கு இடையே சீரான இடைவெளி விடும் ஸ்பேசர் வைத்து, அடுப்புக்குப் பின்னால் இரண்டு வரிசையை ஒரே மாலையில் ஒட்டி முடித்தோம். அதைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்த நாங்கள் படமும் எடுத்துக்கொண்டோம். மூன்றாம் நாள் இரவு பாத்திரம் உருண்டது போல ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் நான்கு டைல்கள் மேடையில் கிடந்தன, மூன்று உடைந்திருந்தன.

பொடியில்தான் குறை என்று நாங்கள் முடிவே கட்டிவிட்டோம். அடுத்த தெருவில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த முதிய மேஸ்திரி ஒருவரை, ஒரு மணி நேரம் வந்து பார்த்துவிட்டுப் போகும்படியும் அதற்கான கூலியைத் தந்துவிடுவதாகவும் கேட்டுக்கொண்டோம். வந்தவர் சுவரைப் பார்க்கவில்லை. உடையாமல் கிடந்த டைலைக் கையில் எடுத்துப் புரட்டி, அதன் முதுகைத்தான் பார்த்தார். கரண்டி இழுத்த கோடுகள் நசுங்கி, பசை முழுவதும் டைலின் முதுகிலேயே கெட்டியாக இருந்தது. சுவரில் ஒரு பொட்டுக்கூட இல்லை. பசையின் மேல் விரல் நகத்தால் ஒரு கீறு கீறி எங்களிடம் காட்டினார். நகத்தின் நுனியில் மஞ்சளாக, மெழுகு போல ஏதோ திரண்டு நின்றது.

"சுவரைக் கழுவினீங்களாம்மா?" என்று கேட்டார்.

"துடைத்தோம் ஐயா" என்றார் என் கணவர்.

"துடைக்கிறது வேற, கழுவுறது வேற" என்று சொல்லிவிட்டு டைலை மேடையில் கவிழ்த்து வைத்தார்.

பசை சுவரைப் பிடிக்கவே இல்லை. பல ஆண்டுகளாக எண்ணெய்ப் புகை படிந்து பெயின்டோடு பெயின்டாகிவிட்ட பிசுக்கைத்தான் பிடித்திருக்கிறது. விழுந்த டைலின் முதுகைப் பார்த்தாலே குறை யாருடையது என்று தெரிந்துவிடும் என்பதை அன்றுதான் கற்றோம். பசை முழுக்க டைலோடு வந்துவிட்டால் சுவர் அழுக்கு, அல்லது சுவரின் பெயின்ட் வலுவற்றது. பசை சுவரிலேயே தங்கி டைல் மட்டும் வழுவழுவென்று கழன்று வந்தால், டைலின் முதுகில் தூசி இருந்திருக்கிறது, அல்லது பசையைப் பூசிவிட்டு நெடுநேரம் காக்கவைத்ததில் அதன் மேல் ஏடு படிந்துவிட்டது. இரண்டிலும் பாதிப் பாதி ஒட்டியிருந்தால் பசையைச் சரியாகப் பரப்பவில்லை. பூசிய பசையை விரலால் தொட்டால் விரலில் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் தயக்கமின்றிச் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். ஒட்டிய கையோடு ஒரு டைலைப் பெயர்த்துப் பார்த்தால், பசை முதுகு முழுவதும் பரவியிருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும். நன்றாக ஒட்டியதை ஏன் பெயர்க்க வேண்டும் என்று எங்களுக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகு ஒரு வாரம் சுவரைத்தான் கழுவினோம். ஒட்டியிருந்த மற்ற டைல்ஸையும் எடுத்துவிட்டோம்; கரண்டியின் நுனியை இடுக்கில் கொடுத்தவுடனேயே அவை வந்துவிட்டன என்பதிலேயே எல்லாம் விளங்கியது. சலவை சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, நார்த் தேய்ப்பானால் தேய்த்து, நல்ல தண்ணீரால் இரண்டு முறை அலசினோம். முதல் நாள் வாளியில் வழிந்த தண்ணீர் தேயிலைச் சாயம் போல இருந்தது. பிறகு பெயின்டைச் சுரண்டி எடுத்து, எடுக்க வராத இடங்களில் உளியால் நெருக்கமாகக் கொத்திவிட்டு, தூசியைத் துடைத்தோம். சோதனை எளிது: சுவரில் தண்ணீரைத் தெளித்தால் முத்து முத்தாகத் திரண்டு நிற்கக்கூடாது, சுவர் அதை ஒரே சீராகக் குடிக்க வேண்டும். எங்கள் சுவர் மூன்றாம் முறைதான் குடித்தது. இந்த ஒரு வாரத்தில் படம் எடுக்கத் தகுந்தது என்று ஒன்றுமே இல்லை. ஆனால் பிறகு ஒட்டியவை அத்தனையும் இன்றுவரை நிற்பதற்கு அந்த வாரம்தான் காரணம்.

மேஸ்திரி கிளம்பும்போது போகிறபோக்கில் சொன்ன இன்னொன்றும் எங்களைக் காப்பாற்றியது. மேடையை நம்பி முதல் வரிசையை அதன் மேல் உட்கார வைக்காதீர்கள் என்றார். மேடை மட்டமாகத்தானே இருக்கும் என்று நினைத்திருந்தோம். நீண்ட கண்ணாடி நிறக் குழாயில் தண்ணீர் நிரப்பி, உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டு, மேடையின் இரு முனைகளிலும் பிடித்துப் பார்த்தோம். இரண்டரை மீட்டர் நீளத்தில் மேடை ஒரு முனையில் 9 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. அதன் மேலேயே அடுக்கியிருந்தால் மேலே போகப் போக ஒவ்வொரு வரிசையும் சாய்ந்து, அலமாரியின் அடிப்பக்கத்தைத் தொடும் இடத்தில் அந்தக் கோணல் ஊருக்கே தெரிந்திருக்கும். ஆகவே, மேடை மிகவும் தாழ்ந்திருக்கும் முனையிலிருந்து ஒரு டைல் உயரத்தை அளந்து, அந்த மட்டத்தில் நேரான மரச்சட்டம், அதாவது ரீப்பர், ஒன்றைச் சுவரில் தற்காலிகமாக அடித்து, இரண்டாம் வரிசையை அதன் மேல் முதலில் ஒட்டினோம். அது இறுகிய பிறகு ரீப்பரைக் கழற்றிவிட்டு, கீழ் வரிசையின் ஒவ்வொரு டைலையும் அதனதன் உயரத்துக்கு வெட்டிப் பொருத்தினோம். கோணல் எங்கும் போய்விடவில்லை. மேடையை ஒட்டிய வரிசையில் யாரும் பார்க்காத இடத்தில் ஒளிந்துகொண்டிருக்கிறது.

அகலத்திலும் இதே கதைதான். இரண்டரை மீட்டர் சுவரில் 30 சென்டிமீட்டர் டைல்ஸை ஓர் ஓரத்திலிருந்து 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஒட்டிக்கொண்டே போனால், எட்டு முழு டைல்களுக்குப் பிறகு 8 சென்டிமீட்டர்ச் சொச்சத்துக்கு ஒரு கீற்று மிஞ்சும். வெட்டும்போதே அது உடையும், உடையாமல் ஒட்டினாலும் ஒட்டுப்போட்டது போலத் தெரியும். சுவரின் நடுவை அளந்து, நடுவில் ஏழு முழு டைல்களை வைத்தால் இரு ஓரங்களிலும் 19 சென்டிமீட்டர்த் துண்டுகள் ஒரே அளவில் அமைந்துவிடும். தாளில் பத்து நிமிடக் கணக்கு; தரையில் வெறுமனே அடுக்கிப் பார்க்க அரைமணி நேரம். டைல்ஸை வாங்கும்போதே வெட்டிலும் உடைவிலும் போவதற்காகப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கிவிட வேண்டும் என்பதையும், எல்லாப் பெட்டிகளிலும், ஒன்றாகத் தயாரானவை என்று காட்டும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதையும் நாங்கள் அறியாமல் இருந்தோம். உடைந்த மூன்றுக்குப் பதிலாகப் பின்னால் வாங்கிய பெட்டி வேறு பேட்ச். பகலில் ஒரே நிறம், விளக்கைப் போட்டால் வேறு நிறம். அவற்றை அலமாரியின் நிழல் விழும் மூலையில் வைத்துச் சமாளித்தோம்.

காத்திருப்பது தனி வேலை. ஒட்டிய டைல்ஸுக்கு ஒரு முழு நாள் ஓய்வு தந்த பிறகுதான் இடுக்குகளை நிரப்பும் கலவையான கிரவுட்டைப் பூச வேண்டும். ரப்பர்ப் பலகையால் இடுக்குக்குக் குறுக்கே சாய்வாக இழுக்க வேண்டும், இடுக்கோடு நேராக இழுத்தால் உள்ளே போனது திரும்ப வெளியே வந்துவிடும். நன்றாகப் பிழிந்த பஞ்சால் துடைக்க வேண்டும், தண்ணீர் அதிகமானால் கிரவுட் வெளிறிப் பலமிழக்கும். ஆனால் மேடையும் சுவரும் சந்திக்கும் அந்த ஒரு கோட்டில் மட்டும் கிரவுட் கூடவே கூடாது. மேடை ஒரு பக்கம், சுவர் ஒரு பக்கம் என்று சூட்டிலும் ஈரத்திலும் தனித்தனியாக அசைவதால், கிரவுட் அங்கே மயிரிழையாய் விரிசல் விட்டு நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அங்கே வளைந்துகொடுக்கும் சிலிகான்தான் வேண்டும். தொட்டியைச் சுற்றி எங்களுக்குப் பல ஆண்டுகளாக நீர் கசிந்ததற்குக் காரணமும் அதுவே. யாரோ ஒரு காலத்தில் அங்கே வெள்ளைச் சிமென்டைப் பூசி வைத்திருந்தார்கள். பழையதை ஒரு துணுக்குகூட விடாமல் எடுத்து, நன்றாகக் காயவிட்டு, இரு பக்கமும் ஒட்டுநாடா ஒட்டி, சிலிகானை ஒரே மூச்சில் இழுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒருமுறை வழித்துவிட்டு, அது ஏடு படிவதற்குள் நாடாவை உரித்துவிட வேண்டும். விரலால் இரண்டாம் முறை வழிக்கத் தோன்றும். வழிக்கக்கூடாது.

தொட்டிக்குக் கீழே வளைந்து நிற்கும் குழாயை அடைப்பெடுக்கக் கழற்றினால், அதை அப்படியே திரும்பப் பொருத்துங்கள்; இடம் அடைக்கிறதே என்று நேர்க்குழாயாக மாற்றிவிடாதீர்கள். அந்த வளைவில் தேங்கி நிற்கும் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. ஸ்காட்லாந்துக் கடிகாரக் கலைஞர் அலெக்சாண்டர் கம்மிங் 1775இல் கழிப்பறைக்காகக் காப்புரிமை பெற்ற அதே உத்திதான் இன்றும் நம் தொட்டிக்குக் கீழே வேலை செய்துகொண்டிருக்கிறது.

அலமாரிக் கதவுகளைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதுகிறேன், பெருமைப்பட அதிகம் இல்லை. கதவுகளைக் கழற்றும்போதே எண் போட்டு வைத்தது நல்ல காரியம். எண்ணைப் பெயின்ட் அடிக்கும் பக்கத்தில் போட்டது நல்ல காரியம் அன்று. எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, 120 எண் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, மெல்லிய பூச்சாக இரண்டு முறை பெயின்ட் அடித்தது வரை சரியாகவே நடந்தது. தொட்டால் கையில் ஒட்டவில்லையே என்று இரண்டாம் நாளே கதவுகளை மாட்டிவிட்டோம். மறுநாள் காலையில் இரண்டு கதவுகள் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, பிய்த்தபோது பெயின்டும் பிய்ந்து வந்தது. கையில் ஒட்டாமல் காய்வது வேறு, உள்ளே இறுகுவது வேறு. பின்னது முடிய வாரக்கணக்கில் ஆகலாம். கதவை மூடினால் வெளியே தெரியாத மறைகீலுக்கான கிண்ணத் துளை 35 மில்லிமீட்டர் அகலம், 12 மில்லிமீட்டர் சொச்சம் ஆழம். கதவுப் பலகையோ 18 மில்லிமீட்டர்தான். துளையிடும் அலகின் நடுவில் ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும் என்பதை மறந்து என் கணவர் அழுத்தியதில், ஒரு கதவின் முன்பக்கத்தில் குண்டூசி அளவு ஒரு துளை விழுந்தது. இரண்டாம் கதவிலிருந்து அலகின் மேல் ஆழத்துக்கு அடையாளமாக ஒட்டுநாடா சுற்றிக்கொண்டார். முதல் கதவில் அந்தத் துளை இருக்கும் இடத்தில் இப்போது ஒரு கைப்பிடி இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள், ஏன் இந்த ஒரு கதவுக்கு மட்டும் கைப்பிடி இவ்வளவு ஓரத்தில் இருக்கிறது என்று கேட்காமல் போவதில்லை.

இவ்வளவையும் எழுதியது யாரையும் பயமுறுத்துவதற்காக அல்ல. தொடக்கநிலையாளரால் இந்த வேலையைச் செய்ய முடியும். எங்களால் முடிந்ததே அதற்குச் சாட்சி. என் குறையெல்லாம் கட்டுரைகளின் மீதுதான். அவை 'முன்', 'பின்' என்ற இரண்டு படங்களைப் போட்டுவிட்டு நடுவில் உள்ளதை விட்டுவிடுவதால், படித்துவிட்டு இறங்குகிறவர், தம் சுவரிலிருந்து டைல் விழும்போது தமக்குத்தான் கைத்திறன் இல்லை என்று நினைத்துப் பாதியில் விட்டுவிடுகிறார், அல்லது அதே பிசுக்கின் மேல் மறுபடியும் ஒட்டுகிறார். கைத்திறன் தேவைப்படும் இடங்கள் இதில் சிலவே. வரிசை தெரிய வேண்டிய இடங்களும் பொறுக்க வேண்டிய இடங்களும்தான் மிகுதி. அவற்றை எழுதிக் காட்ட முடியும்.

ஆகவே தங்களிடம் இரண்டு கோரிக்கைகள். இனி இத்தகைய படங்களை வெளியிடும்போது, எத்தனை பேர் எத்தனை நாள் வேலை செய்தார்கள், அதில் கழுவவும் காயவும் போன நாட்கள் எத்தனை, எந்தெந்தப் பகுதியைத் தொழிலாளர்கள் செய்து கொடுத்தார்கள் என்பதைப் படத்துக்குக் கீழே ஒரு வரியில் அச்சிட வேண்டும். இரண்டாவதாக, கொத்தனார், தச்சர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் ஆகியோரிடம் அவர்கள் சரிசெய்யப் போன வேலைகளைப் பற்றிக் கேட்டு, புதியவர்கள் எந்த இடத்தில் தவறுகிறார்கள் என்பதை அவர்கள் சொற்களிலேயே வாரம் ஒன்றாக வெளியிட வேண்டும். எங்கள் மேஸ்திரி ஒரு மணி நேரத்தில் சொன்னவற்றுக்கே இக்கடிதத்தில் பாதிக்கு மேல் இடம் தேவைப்பட்டிருக்கிறது.

விழுந்த நான்கில் உடையாமல் தப்பிய அந்த டைல் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதன் முதுகைப் படம் எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். மேஸ்திரியின் நகம் பட்ட கீறல் வலது மூலையில் தெளிவாகத் தெரியும். அடுத்த முறை 'முன்', 'பின்' படங்களை வெளியிடும்போது நடுவில் இடம் இருந்தால், இதையும் போடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி